நாற்பத்திரண்டாவது படியில் குடித்த தண்ணீர்

சின்னப்பனுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. தபால்காரர் ஏரியூரிலிருந்து வெயிலில் நடந்தே வந்தார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு நின்றபடியே படித்தேன். முதல் பக்கம் முழுக்கச் சந்தோஷம். மாரண்டஹள்ளிப் பக்கம் உனக்குக் கிடைத்திருக்கும் பள்ளிக்கூடம், இருபத்திரண்டு பிள்ளைகள், ஒழுகாத கூரை, உனக்குச் சோறு போடும் வீட்டு அம்மாள் கேட்காமலேயே இரண்டாவது களி உருண்டையைத் தட்டில் வைத்துவிடுவது, எல்லாம் படித்துச் சிரித்தேன். இரண்டாவது பக்கம் வந்ததும் உட்கார்ந்துகொண்டேன். உன் அப்பா, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். ஆகிவிடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீ எழுதியிருந்த வரிகள் இவை. "ஆதாரப் பயிற்சிப் பள்ளியில், பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்கட்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் நான் ஏழு வயதிலேயே உங்களிடம் பார்த்துவிட்டேன் அம்மா. நீங்கள் எங்களை முனியப்பன் கிணற்றுக்கு அழைத்துப் போன நாள்தான் என்னை வாத்தியார் ஆக்கியது. அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. பங்குனி பிறந்ததும் நானும் என் பிள்ளைகளை இங்கே ஓடையோரத்துக் கிணற்றுக்கு அழைத்துப் போகப் போகிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா?" உனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்தவளுக்கே நீ பழமொழி சொல்லித் தருகிறாய். இருக்கட்டும். தோட்டத்துச் சுரைக்காயிலும் நஞ்சான பேய்ச்சுரை உண்டு மகனே. அதைத் தின்னவும் கொடுத்துவிட்டு, பதினான்கு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் இருந்தவள் நான். நீ அந்த நாளைப் பொன்னாள் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. சொல்லியிருக்க மாட்டேன். நீயும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு கிணற்றில் இறங்கப் போகிறாய் என்ற பயம் வந்த பிறகுதான் எனக்கு வாய் திறக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் கன்னியாஸ்திரிகளிடம் பயிற்சி முடித்துவிட்டு, நம் ஊர்ச் சின்ன மாதா கோயிலுக்குப் பக்கத்திலிருந்த ஓட்டுக் கட்டடத்தில் பாடம் சொல்லத் தொடங்கியபோது, வாசகப் புத்தகத்தில் ரயிலும் துறைமுகமும் பனிமலையும் இருந்தன. பிள்ளைகள் அதை ஜெபமாலை சொல்வது போல ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். நிறுத்தி, பனி என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். மாதி என்று ஒன்பது வயதுப் பெண் இருந்தாளே, உனக்கு நினைவிருக்கும், உனக்கு முன்வரிசையில் உட்காருவாள், எண்ணெய் வைக்காத பரட்டைத் தலை. அவளுடைய அப்பா மாரப்பன் ஒருநாள் வந்து அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். "இவ படிச்சு என்னங்க டீச்சரம்மா ஆவப் போவுது? காட்டுல இருந்தா நாலு அவரையாவது கிள்ளுவா" என்றார். அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை அவரையும் வரச் சொன்னேன். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய், பெரிய புளியமரத்துக்குப் பக்கத்தில் இரண்டு முழக் குச்சி ஒன்றை நட்டு, அதன் நிழலை அளக்கச் சொன்னேன். ஒரு முழம் இருந்தது. மரத்தின் நிழலை அளந்தார்கள், பதின்மூன்று முழம். மாதி விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். பிறகு, "மரம் இருவத்தாறு மொழங்க டீச்சரம்மா" என்றாள். மாரப்பன் நம்பவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மரம் ஏறினார். உச்சிக்குப் போய்க் கயிற்றைத் தொங்கவிட்டு, இறங்கி வந்து, முழம் போட்டு அளந்தார். "ஒரு சாண் கூட வருதுங்க. மேல காக்கா கூடு கட்டியிருக்குது, அதைச் சேத்து அளந்துட்டேன் போல" என்றார். மகளைப் பார்த்தார். அதற்குப் பிறகு நிறுத்துகிற பேச்சே அவர் எடுக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகளை ராகிக் காட்டுக்கும் செம்மண் மேட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தேன். "டீச்சரம்மா புள்ளைங்கள மேய்ச்சுக்கினு போறாங்க" என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன். எனக்குப் பெருமை வந்துவிட்டது. பெருமை வந்தவளுக்குக் காது மந்தமாகும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

முனியப்பன் கிணற்றுக்கு நாம் போனது, நாம் நோன்பு இருக்கும் தபசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். கிணற்றின் ஆழத்தை அளப்பது அன்றைய கணக்கு. அது ராட்டினம் இல்லாத படிக்கிணறு. நடந்து உள்ளே இறங்கி, தண்ணீரில் கால் வைத்து மொள்ள வேண்டும். பிள்ளைகள் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினீர்கள். நாற்பத்திரண்டு படி, படிக்கு ஒரு சாண், ஆக இருபத்தொரு முழம் என்று இந்த முறையும் மாதிதான் முதலில் சொன்னாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நாம் ஆழத்தை ஒழுங்காக அளந்துவிட்டுத்தான் காலை விட்டோம். நடந்து வந்தது ஒரு மைல், பங்குனி வெயில், பிள்ளைகள் பதினேழு பேருக்கும் தாகம். நான் குடத்தில் தண்ணீர் எடுத்து வரவில்லை. கிணற்றுக்குப் போகிறவர்கள் யாராவது தண்ணீர் கொண்டுபோவார்களா என்று நினைத்தேன். அந்த வாரம்தான் 'நீர்' என்ற பாடம் நடத்தியிருந்தேன். நிறமில்லாமல், வாடையில்லாமல், தெளிந்திருப்பது நல்ல நீர் என்று எல்லாரும் பலகையில் எழுதியிருந்தீர்கள். இதோ பாடம் கண்முன்னே கிடக்கிறது என்று எனக்கு ஒரே உற்சாகம். செம்பில் மொண்டு தூக்கிப் பிடித்தேன். செம்பின் அடியில் இருந்த நசுங்கல் தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

அப்போதுதான் மாதி சொன்னாள். "வேணாங்க டீச்சரம்மா. எங்க வூட்டுல இந்தத் தண்ணிய மாட்டுக்குத்தான் கொண்டாருவாங்க. நாங்க குடிச்சா முனியப்பன் காலுல நூலு உட்டுடுவாரு." பிள்ளைகளில் சிலர் தலையாட்டினார்கள். நான் சிரித்தேன் சின்னப்பா. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. முனியப்பன் நூல் விடுகிறாராம் என்று எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். நான் படித்தவள், வேதக்காரி, பேய் பிசாசுக் கதைகளிலிருந்து இந்தப் பிள்ளைகளை மீட்கத்தான் கடவுள் என்னை இங்கே வைத்திருக்கிறார் என்று நம்பியவள். முனியப்பன் பெயரைக் கேட்டதும், அதற்குப் பின்னால் அவள் சொன்னதை நான் கேட்கவே இல்லை. "உன் கண்ணால் பார். தண்ணீரில் நூல் இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். "அப்புறம் என்ன?" என்றேன். எல்லாருக்கும் தைரியம் வரட்டும் என்று முதலில் உன்னைத்தான் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னேன். நீ இரண்டு கையாலும் செம்பைப் பிடித்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "தித்திக்குதும்மா" என்றாய். அதன் பிறகு எல்லாரும் குடித்தார்கள். மாதி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளை அடிக்கவில்லை. குடிக்கிறவரை மேலே ஏறக் கூடாது என்று மட்டும் சொன்னேன். நாற்பத்திரண்டாவது படியில் அவள் தனியாக நின்றாள், மற்ற பிள்ளைகள் மேலேயிருந்து பார்த்தார்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அன்றைக்கு அந்தக் கிணற்றில் குடிக்காத ஒரே ஆள் நான்தான். உன் அப்பாவுக்கு அந்த வருஷம் விடாத குளிர்க்காய்ச்சல். அதற்காகத் தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டிருந்தேன். புகட்டியவளின் வாயில் ஒரு சொட்டும் படவில்லை. இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, வைகாசியில், அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தார். பிள்ளைகளுக்குக் குத்தி முடித்துவிட்டு, ஊரில் என்னென்ன கிணறு இருக்கிறது என்று விசாரித்தார். முனியப்பன் கிணற்றைச் சொன்னதும் அங்கே போய் ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் எடுத்து வந்து, வெயிலுக்கு எதிராகப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். "வெள்ளையா, பொடிசா, தவ்வித் தவ்விப் போவுது பாருங்கம்மா. நரம்புச் சிலந்திப் புழு வந்த காலோட எவனாவது தண்ணில எறங்கினா அந்தப் புழுவோட குஞ்சு இதுங்க வயித்துக்குப் போயிடும். இதை நாம குடிச்சா அது நம்ம உடம்புல வளரும். ஒரு வருஷம் ஒண்ணுமே தெரியாது. அப்புறம் காலுல கொப்புளம் போட்டு, நூலு மாதிரி மொழக் கணக்குல வெளிய வரும்" என்றார். நரம்புச் சிலந்தி. நூல். மாதி சொன்ன அதே நூல். முனியப்பன் பேரைச் சொல்லி அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள், நான் ஒரு பாடத்தில் அதை உடைத்துவிட்டேன். "புள்ளைங்க யாரும் இந்தத் தண்ணிய குடிக்கறதில்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன். குடித்திருந்தால் மருந்து உண்டா என்று, யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். "மருந்து இல்லிங்க. வெளிய வந்தா ஒரு குச்சியில கொஞ்சங் கொஞ்சமாச் சுத்தி எடுக்கணும். அவசரப்பட்டு இழுத்தா அறுந்துடும். அறுந்தா காலுக்கே ஆபத்து" என்றார்.

அன்றிலிருந்து ஒரு வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. உனக்கு அது விளையாட்டு வருஷம். நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள், பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், வெளியே கூட்டிப் போய்ப் படிப்புச் சொன்னதுதான் வினை என்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒருவேளை யாருக்கும் வராமலே போகலாம், பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். பயந்தவளுக்குக் காரணமா கிடைக்காது? தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும் என்று அந்த வாரமே பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன். துணியில் தங்கிய பூச்சியைக்கூடக் காட்டினேன். குடித்துவிட்ட தண்ணீரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. தினமும் காலையில் எல்லாரும் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று சட்டம் வைத்தேன். சின்னப் பிள்ளைகளின் காலை நானே உட்கார்ந்து கழுவினேன். உள்ளங்கால், கணுக்கால், விரல் இடுக்கு, முட்டிக்குக் கீழே என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். முப்பத்துநாலு கால்கள். பூசைக்கு வந்த சாமியார் அதைப் பார்த்துவிட்டு, பெரிய வியாழக்கிழமையில் பாதம் கழுவும் சடங்காகத் தாம் செய்வதை இந்த அம்மாள் தினமும் செய்கிறாள் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தேன். தாழ்ச்சி என்று நினைத்திருப்பார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கொசுக்கடியைப் பார்த்து மூச்சு நின்ற நாட்கள் உண்டு. ஒரு பிள்ளை காலைச் சொறிந்தால் எனக்குப் பாடம் மறந்துபோகும். தை போயிற்று, மாசி போயிற்று, ஒன்றும் இல்லை. பங்குனி முதல் வாரத்தில் ஒரு பையனுக்குக் கணுக்காலில் கொப்புளம் வந்தது. அடுத்து இன்னும் இருவருக்கு. அவர்கள் வீட்டில் பெரியவர்கள் ஈர்க்குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடையாக, இருபது நாளில் பதமாக எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

அந்த மாதம் ஒரு திங்கட்கிழமை உன் இடது பாதத்தில் ஒரு கொப்புளத்தைப் பார்த்தேன். உனக்கு இது நினைவிருக்காது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினேன். மூன்று நாள் உன்னை மடியைவிட்டு இறக்கவில்லை. தண்ணீரில் உன் காலை வைத்து வைத்துப் பார்த்தேன், நூல் தலை நீட்டுகிறதா என்று. பதினேழு பிள்ளைகளுக்காகவும் ஜெபம் செய்தேன் என்று எழுதினால் நீ நம்புவாய். நான் உனக்காக மட்டும்தான் ஜெபித்தேன். யாருக்கு வேண்டுமானாலும் வரட்டும், இவனுக்கு வேண்டாம் என்று, இதே வார்த்தைகளில், தேவமாதா படத்துக்கு முன்னால் கேட்டேன். மூன்றாம் நாள் கொப்புளம் உடைந்து ஒரு வேலமுள் நுனி வெளியே வந்தது. வெறும் முள். உன் அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். நான் அழுதேன். நான்காம் நாள் பள்ளிக்கூடத்தைத் திறந்தேன், மாதி வரவில்லை.

அந்த மூன்று நாட்களில்தான் அது நடந்திருக்கிறது. அவளுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்திருந்தது. வீட்டில் சொல்ல அவளுக்குப் பயம். குடிக்காதே என்று சொல்லி வளர்த்த தண்ணீரைக் குடித்துவிட்டோம் என்ற பயம். நான் குடிக்க வைத்ததை ஒரு வருஷமாக வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கிறாள். டீச்சரம்மாவைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாளாம். பாவாடைக்குள்ளே துணியைச் சுற்றி மறைத்திருக்கிறாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறாள், என்னிடம் காட்டலாம் என்று. கதவு பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமையும் வந்திருக்கிறாள். புதன்கிழமை ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தானே பிடித்து இழுத்திருக்கிறாள். அது பாதியில் அறுந்துவிட்டது.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாள். நான் மாரப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கிணறு, செம்பு, படி, அம்மை குத்துகிறவரிடம் சொன்ன பொய், பூட்டிய கதவு, எல்லாம். அவர் கத்துவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து மகளுடைய காலைத் துணியால் மூடினார். பிறகு, "நாங்க வேணாம்னு சொல்லி வளத்தோங்க. நீங்க குடின்னு சொன்னீங்க. ரெண்டுல உங்க பேச்சுதான் பெருசுன்னு நெனச்சிட்டா. நானும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். போய் மாட்டை வண்டியில் பூட்டினார். மாதி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தாள். உயிர் தப்பியது. முழங்கால் மடங்கினது மடங்கினதுதான், நீளவே இல்லை. அவள் நொண்டி நடப்பதை நீ பார்த்திருக்கிறாய். ஏன் என்று ஒருமுறை கேட்டாய், விழுந்துவிட்டாள் என்றேன்.

அடுத்த வருஷம் ஊர்க்காரர்கள் அந்தப் படிகளைக் கல் வைத்து அடைத்து, மேலே ராட்டினம் போட்டார்கள். எத்தனை முழம் கயிறு வேண்டும் என்று என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். இருபத்தொரு முழம், தண்ணீர் இறங்கினால் இன்னும் நாலு முழம் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கணக்கு மாதி போட்டது என்றும் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு நான் பிள்ளைகளை வாசலைத் தாண்டிக் கூட்டிப் போகவே இல்லை. நீ அதைக் கவனித்தாயோ என்னவோ. ரயிலுக்கும் பனிமலைக்கும் திரும்பிவிட்டேன். பனிமலையால் யார் காலும் வீங்காது. பதின்மூன்று வருஷம் அப்படியே ஓட்டிவிட்டேன், பிள்ளைகள் ஒப்பித்தார்கள், பாதிப் பேர் நின்றுபோனார்கள், நான் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில், போகாதே, பேசாமல் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்து என்று எழுதினேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். அதற்குக் காரணமும் மாதிதான். போன தை மாதம் தன் மகனைக் கொண்டுவந்து என் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். ஐந்து வயதுப் பையன், அதே பரட்டைத் தலை. பெயரை எழுதிக்கொண்டு, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். "இப்பல்லாம் வெளிய கூட்டிக்கினு போறதில்லீங்களாமே டீச்சரம்மா. ஏங்க?" என்று கேட்டாள். பயமாக இருக்கிறது மாதி என்றேன். அவளிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கூட்டிக்கினு போங்க. எனக்குத் தெரிஞ்ச கணக்கெல்லாம் அந்தப் புளியமரத்துல கத்துக்கிட்டதுதாங்க. இவன் எதனா வேணாம்னா மட்டும், கொஞ்சம் நின்னு கேட்டுக்குங்க" என்றாள்.

அதனால் போய் வா சின்னப்பா. கிணற்றுக்குப் போ, ஓடைக்குப் போ, கரட்டுக் குன்று ஏறு. ஆனால் உனக்கு முன்னால் அந்த ஊர் அங்கே இருந்திருக்கிறது என்பதை மறக்காதே. எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள், எந்த இலையைத் தொட மாட்டார்கள், எந்தப் பாறை மேல் பிள்ளைகளை ஏறவிட மாட்டார்கள் என்று போவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் கேள், அவர்களைப் பெற்றவர்களிடமும் கேள். சாமி கோபிக்கும் என்று சொன்னால் என்னைப் போலச் சிரித்துவிடாதே. என்னவென்று விசாரி. பாதிப் பிள்ளைகள் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் என்று எழுதியிருக்கிறாய். 'பேடா' என்றால் வேண்டாம் என்று அர்த்தம். உனக்கு வேறு எந்தக் கன்னட வார்த்தை வராவிட்டாலும் இதைக் காதில் வைத்துக்கொள். மெதுவாகச் சொல்லுவார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லுவார்கள். வாத்தியாரை எதிர்த்துச் சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நினைத்துப் பார். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லிவிடு. மறைக்காதே. மறைத்தால் பிள்ளையும் சேர்ந்து மறைக்கும்.

இதோடு வருகிற பொட்டலத்தில் உன் அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து ஓரம் அடித்த துண்டுகள் இருக்கின்றன. இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு, உனக்கு ஒன்று. இரண்டாக மடித்துத் தண்ணீரை வடிகட்டக் கற்றுக் கொடு. முதலில் நீ குடி, பிறகு அவர்களுக்குக் கொடு. வருகிற வெள்ளிக்கிழமை நானும் என் பிள்ளைகளைப் புளியமரத்துக்குக் கூட்டிப் போகிறேன். குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

நீ கிணற்றுக்குப் போகும் தேதியை எனக்கு எழுது. அன்றிலிருந்து நான் எண்ணத் தொடங்குவேன். ஒரு வருஷம் கழித்து, அடுத்த பங்குனியில், எனக்கு ஒரு கார்டு போடு. வேறு ஒன்றும் வேண்டாம். இருபத்திரண்டு பேரும் ஓடுகிறார்கள் என்று மட்டும் எழுது. அதுவரை எனக்குப் பயம்தான்.

அம்மா